அறுப்பு வண்டிக் கணக்கு: இரண்டரை மணி நேரத்துக்கு 250 ரூபாய்தான் வருகிறது

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று அறுப்பு வண்டிகள் ஓடுகின்றன. இரண்டு பெல்ட், ஒன்று டயர். வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, பாக்கி எல்லாவற்றையும் எக்செல்லிலேயே கட்டிவிட்டேன். ஊருக்கு ஒரு ஷீட், மொத்தம் 38. முகப்பில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இன்டைரக்ட் ஃபார்முலா அந்த ஷீட்டின் பாக்கியை எடுத்துவரும். குறுவைக்கு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது சம்பா அறுப்பில் தடுமாறுகிறது. 2:30 மணி நேரம், மணிக்கு 2,400 ரூபாய். 6,000 வர வேண்டிய இடத்தில் 250 வருகிறது. இரவு 10 மணிக்கு வயலில் இறங்கி 1:15க்குக் கரையேறிய வண்டிக்குக் கட்டம் முழுக்க வெறும் #####. ஓர் எண்ணைத் தட்டினால் ஃபைலே உறைந்து நிற்கிறது. விவசாயி வரப்பில் காத்திருக்கும்போது தப்பான தொகை சொல்ல மனசு வரவில்லை. உதவுங்கள்.

பதில் (திருவாரூர்):
தம்பி, எக்செல்லுக்கு ஒரு முழு நாள்தான் 1. இரண்டரை மணி என்பது அதற்கு 0.104. அதை 2,400-ஆல் பெருக்கினால் 250தான். நேரத்தை முதலில் 24-ஆல் பெருக்கி, அப்புறம் வாடகையால் பெருக்குங்கள். கட்டத்தின் ஃபார்மேட்டையும் எண்ணாக மாற்றுங்கள். நள்ளிரவைத் தாண்டினால் கழித்தல் மைனஸில் போகும், அதனால்தான் #####. கழித்ததை, வகுத்த மீதியைத் தரும் மாட் (MOD) ஃபார்முலாவுக்குள் போட்டு, வகுக்கும் எண்ணாக 1 கொடுங்கள். 3:15 சரியாக வரும்.

கேட்டவர்:
வந்துவிட்டது அண்ணே, 7,800! ஆனால் வார மொத்தம் 31:15 வராமல் 7:15 என்கிறது.

பதில் (திருவாரூர்):
24 மணி ஆனதும் நாள் ஒன்று கழிந்துவிடும். ஃபார்மேட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், [h]:mm என்று.

பதில் (கும்பகோணம்):
உறைவதற்குக் காரணம் இன்டைரக்ட். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது மறுபடி கணக்குப் போடும். ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஊருக்கு ஒரு ஷீட் வைத்தது. ஊர் என்பது ஒரே ஷீட்டில் ஒரு நெடுவரிசையாக இருக்க வேண்டியது. நெடுவரிசைகள் இவை: தேதி, ஊர், விவசாயி எண், வண்டி, இறங்கிய நேரம், ஏறிய நேரம், வாடகை, வரவு. ஒரு நடைக்கு ஒரு வரி, எல்லாம் ஒரே ஷீட்டில். நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா பாக்கியைக் கூட்டித் தரும். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள் உண்டு, உங்கள் மூன்று வண்டிக்குத் தாராளம். பெயரை நம்பாதீர்கள், எண் கொடுங்கள். எங்கள் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர்; ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறி, பெரிய வருத்தமாகிவிட்டது.

கேட்டவர்:
11 ஊர்களை ஒரே ஷீட்டுக்கு மாற்றிவிட்டேன், தட்டியவுடன் பாக்கி வருகிறது. குறைத்து எழுதிய இரண்டு ரசீதுகளை நாளை நேரில் போய்த் திருத்திக் கொடுக்கப் போகிறேன். ரொம்ப நன்றி.