ரோம், நான்கு இரவு, முதல் தடவை: இந்தத் திட்டம் தேறுமா?

ஊர்க்குருவி
அக்டோபர் நடுவில் ரோம். சனி மாலை 4 மணிக்கு ஃபியூமிசினோ விமான நிலையம், புதன் இரவு திரும்பும் விமானம். மூன்று பேர். அதில் அப்பாவும் அம்மாவும் அறுபதைத் தாண்டியவர்கள். நன்றாக நடப்பார்கள், படி என்றால்தான் யோசிப்பார்கள். விசா வந்துவிட்டது. ஹோட்டல் இன்னும் போடவில்லை. திட்டம் இதுதான்:

ஞாயிறு: வாடிகன் மியூசியம், சிஸ்டைன் சேப்பல்
திங்கள்: கொலோசியம், ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம்), மாலையில் போர்கேசே கேலரி
செவ்வாய்: ஃப்ளோரன்ஸ் போய்த் திரும்புவது
புதன் காலை: புனித பேதுரு பேராலயம், அப்படியே விமான நிலையம்

72 மணி நேர ரோமா பாஸ் வாங்கலாமா? டெர்மினி ஸ்டேஷன் பக்கம் தங்கலாமா? குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கல்தச்சன்
தயங்கவில்லை. நான்கு நாளில் மூன்று நாள் மூடிய கதவில் போய் முட்டுகிறீர்கள்.

வாடிகன் மியூசியம் ஞாயிறு கிடையாது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அதுவும் மதியம் வரைதான். உங்கள் ஞாயிறு மாத நடுவில் வருகிறது. போர்கேசே திங்கள் விடுமுறை. புதன் காலை போப்பின் பொது சந்திப்பு இருந்தால், அது முடியும்வரை பேராலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள்.

ரோமில் முதலில் இடத்தை எழுதிவிட்டு அப்புறம் நாளைத் தேடக் கூடாது. மூடும் நாளை எழுதுங்கள், சீட்டு திறக்கும் நாளை எழுதுங்கள், மிச்சத்தில் திட்டம் போடுங்கள். வாடிகன் சீட்டு 60 நாள் முன்னால் திறக்கும்: 20 யூரோ, முன்பதிவுக்கு 5. கொலோசியம் 30 நாள் முன்னால்தான்: 18 யூரோ, ஃபோரமும் பாலடைன் குன்றும் அதிலேயே அடக்கம். போர்கேசே முன்பதிவு இல்லாமல் நடக்காது; இரண்டு மணி நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் சீட்டு பெயர் போட்டே வருகிறது, வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் முன்னெழுத்தோடு அடித்துவிடுவார்கள். வேண்டாம். பாஸ்போர்ட்டில் எப்படி விரித்திருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

நடைராசா
கல்தச்சன் சொன்ன மூடும் நாள் எல்லாம் சரி. ஆனா அவர் சொல்ற மாதிரி திட்டம் போட்டா கிடைக்கிறது ஊர் இல்லை, டைம்டேபிள். நேரம் போட்ட சீட்டு மொத்தப் பயணத்துக்கும் ரெண்டு போதும்: கொலோசியம், வாடிகன். மூணாவது சேர்த்தா ஒண்ணு தள்ளிப்போனா எல்லாம் தள்ளிப்போகும்.

ரோமில் பார்க்க வேண்டியதில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது. சான் லூயிஜி தே ஃபிரான்செசி தேவாலயத்தில் கராவாஜ்ஜோ வரைந்த மத்தேயு ஓவியம் மூணு, சும்மா உள்ளே போய்ப் பார்க்கலாம். விளக்கு எரியக் காசு போடணும், சில்லறை வெச்சுக்குங்க. சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கலாஞ்சலோவோட மோசே சிலை, அதுவும் இலவசம். கபிடோலின் குன்று மேலே செனட் மாளிகைக்குப் பக்கவாட்டில் போய் நின்னா ஃபோரம் முழுசும் காலடியில் தெரியும், பைசா செலவில்லாம.

ஃப்ளோரன்ஸ் பத்தி நான் பேசப் போறதே இல்லை. அதை அடிச்சிடுங்க.

பூவரசு
ஏன் அடிக்க வேண்டும்? டெர்மினியிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். 7 மணி வண்டி பிடித்தால் 9-க்கு முன் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனில் இறங்கி, ஊருக்குள் நடந்தே போய்விடலாம். செவ்வாயில் உஃபிஸி ஓவியக்கூடம் திறந்திருக்கும், அதன் விடுமுறை திங்கள். சீட்டை முன்கூட்டி எடுத்தால் ரயில் கட்டணமும் இறங்கும். இவ்வளவு தூரம் வருகிறவர்கள் மறுபடி எப்போது வருவார்கள்?

கல்தச்சன்
"மறுபடி எப்போது" என்ற கணக்கில்தான் எல்லாப் பயணமும் கெடுகிறது. இவர்களுக்கு முழு நாள் என்று இருப்பதே மூன்று: ஞாயிறு, திங்கள், செவ்வாய். அதில் ஒன்றைக் கொடுத்து ஃப்ளோரன்ஸில் என்ன கிடைக்கும்? உஃபிஸியில் மூன்று மணி நேரம், பிறகு பேராலயத்தை வெளியிலிருந்து. அதன் குவிமாடம் 463 படி, லிஃப்ட் கிடையாது. படிக்கு யோசிக்கிற பெற்றோருக்கு அது கணக்கில் இல்லை.

ஊரை விட்டு வெளியே போயே ஆக வேண்டுமென்றால் ஓஸ்தியா அந்தீகா இருக்கிறது. ரோமின் பழைய துறைமுக நகரம். பிரமிடே மெட்ரோவை ஒட்டிய போர்தா சான் பாவோலோ ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம், 1.50 யூரோ நகரச் சீட்டே செல்லும். நாடக அரங்கம், கப்பலும் யானையும் போட்ட வணிகர் மன்றத்து மொசைக் தரை, சாப்பாட்டுக்கடையின் கல் மேடை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எரிமலையில் புதைந்த பாம்பேயி நகருக்குப் போக முடியாதவர்களுக்கு இதுவே போதும். திங்கள் மட்டும் மூடல்.

பூவரசு
ஓஸ்தியாவை ஃப்ளோரன்ஸுக்கு ஈடாகச் சொல்வது, தாஜ்மகாலுக்குப் பதில் கீழடி போ என்பது போல. இரண்டும் நல்லதுதான், ஆனால் ஒன்று இன்னொன்று ஆகாது. சரி, பெற்றோர் இருப்பதால் விட்டுக்கொடுக்கிறேன். தனியாகப் போகிறவர் என்றால் விடமாட்டேன்.

பாஸ் பற்றி யாரும் பேசவில்லையே. 72 மணி நேரப் பாஸில் இரண்டு இடம் இலவசம், பேருந்து, மெட்ரோ எல்லாம் சேர்த்து. வசதியாக இல்லையா?

நடைராசா
வசதி யாருக்குன்னு பாருங்க. பாஸ் 50 யூரோவைத் தாண்டிடுச்சு. கொலோசியத்துக்கு 18. மூணு நாளில் எட்டு சவாரின்னு வெச்சாலும் 1.50 கணக்கில் 12 யூரோ. ஆக 30. மீதி 20-க்கு மேல போர்கேசே மாதிரி ஒரு பெரிய இடம் போனாத்தான் கட்டுப்படியாகும். வாடிகன் மியூசியம் இந்தப் பாஸில் வரவே வராது, அது வேற நாடு. பாஸ் இருந்தாலும் கொலோசியத்துக்கு நேரம் தனியா பதிவு பண்ணியே ஆகணும். அதனால "பாஸ் வாங்கினா வரிசை இல்லை"ன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க.

1.50 சீட்டு 100 நிமிஷம் செல்லும். பேருந்து எத்தனை வேணாலும் மாறலாம், மெட்ரோ ஒரு தடவைதான். ஏறினதும் மெஷினில் குத்தலேன்னா, சீட்டு கையில் இருந்தும் அபராதம். கார்டைத் தட்டிப் போறதா இருந்தா ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டை மூணு பேருக்குத் தட்ட முடியாது.

ஊர்க்குருவி
பாஸ் வேண்டாம், புரிந்தது. கொலோசியம் சீட்டு அதிகாரபூர்வ தளத்தில் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறதாமே? இடைத்தரகர் தளங்களில் 40, 50 யூரோவுக்கு இருக்கிறது. வாங்கிவிடலாமா?

கல்தச்சன்
அது ஏன் தீர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளினார்கள். 2025-இல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், முன்பு சீட்டு விற்ற நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது.

30 நாள் முன்னால், உங்களுக்கு வேண்டிய அதே நேரத்தில் தளத்தைத் திறந்து உட்காருங்கள். பெயர்களை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பெயரை அடிக்கும் நேரத்தில்தான் சீட்டு நழுவும். நிலவறையும் அரங்கத் தரையும் சேர்ந்த சீட்டுதான் முதலில் காலியாகும். அதற்கு மல்லுக்கட்டாமல் சாதாரணச் சீட்டை எடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் வழிகாட்டியோடு வரும் சீட்டு. "வரிசை தாண்டலாம்" என்று விற்பது சீட்டு வாங்கும் வரிசையை மட்டும்தான். பாதுகாப்புச் சோதனையை யாரும் தாண்ட முடியாது.

ஞாயிறு கொலோசியத்துக்கு வைத்தால் இன்னொரு லாபம்: முன்னால் போகும் ஃபோரி இம்பீரியாலி சாலையில் அன்று கார் கிடையாது, நடப்பவர்களுக்கு மட்டும். அதே காரணத்தால் அவ்வழிப் பேருந்துகளும் திரும்பிவிடும், எனவே மெட்ரோ பி வழித்தடம்தான். காலை 9 மணிக்குக் கொலோசியம், பிறகு பாலடைன்.

நடைராசா
இங்கேதான் எனக்கு ஒத்துவராது. தலைகீழாப் போங்க. பாலடைனும் ஃபோரமும் திறந்தவெளி, நிழல் குறைவு, காலையிலேயே முடிச்சுடணும். கொலோசியத்துக்குள்ளே வளைவுத் தாழ்வாரம் இருக்கு, மதியம் 12-க்குக் கூட நிக்கலாம். சான் கிரெகோரியோ தெரு வாசல்ல நுழைஞ்சா முதல்ல பாலடைன் ஏற்றம் வந்துடும், ஃபார்னேசே தோட்டத்து மேடையிலிருந்து ஃபோரத்தைப் பார்த்துட்டு இறங்கிக்கலாம். ஃபோரத்திலிருந்து நுழைஞ்சா கால் களைச்ச பிறகு குன்று ஏறணும். பெரியவங்களுக்கு எது நல்லது?

கல்தச்சன்
கொலோசியம் நேரம் தவறினால்? ஃபோரத்தில் இறங்கியவர்கள் செவேரஸ் வளைவுப் பக்கமாக வெளியேறிவிட்டால், கொலோசியத்துக்கு மறுபடி சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். சீட்டில் இருக்கும் நேரம் கொலோசியத்துக்கு மட்டும்தான். ஃபோரம், பாலடைனுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. கட்டுப்பாடு உள்ளதை முதலில் முடிப்பதுதான் அறிவு.

நடைராசா
தீத்துஸ் வளைவுப் பக்கமா வெளியே வாங்கன்னு சொன்னா முடிஞ்சுது, எதிரிலேயே கொலோசியம். மூணு மணி நேரம் இடைவெளி விட்டு 12.30-க்கு எடுத்தா தவறாது. ஃபோரத்து பழைய பாசால்ட் கல் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு இருக்கும். புது ஷூ, வழுக்கிற செருப்பு ரெண்டும் வேண்டாம்.

தண்ணி பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. ஊர் முழுக்க நசோனி குழாய் இருக்கு, ஓடிக்கிட்டே இருக்கும். குழாயோட மூக்கு நுனியை விரலால் அடைச்சா மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியா பீச்சும், குனியாமக் குடிக்கலாம். கண்ணாடி பாட்டிலைக் கொலோசியத்தில் விடமாட்டாங்க.

பூவரசு
காலையில் பாலடைன் முதலில் என்பதில் நான் நடைராசா பக்கம். ஆனால் வாடிகன் எந்த நாள் என்று இருவரும் இன்னும் சொல்லவில்லை. திங்கள்கிழமை கூட்டம் அதிகம். முந்தைய நாள் மூடல், மற்ற மியூசியம் பலவும் திங்கள் விடுமுறை, எல்லோரும் அங்கேதான் வருவார்கள். செவ்வாய் நல்லது.

கல்தச்சன்
செவ்வாயை வாடிகனுக்குக் கொடுத்தால் போர்கேசே போய்விடும். ஞாயிறு கொலோசியம், திங்கள் போர்கேசே மூடல், புதன் கிளம்பும் நாள். கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு திங்கள் காலை 8 மணிச் சீட்டை எடுங்கள்.

உள்ளே பெரிய பையை வைப்பறையில் வாங்கிக்கொள்வார்கள். சிஸ்டைனிலிருந்து நேராகப் பேராலயத்துக்குப் போகும் கதவு ஒன்று உண்டு. அது குழுக்களுக்கானது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். தப்பித் தவறி அதில் போய்விட்டாலும் பை மியூசியத்தின் பக்கமே கிடக்கும், எடுக்க மதிலைச் சுற்றி வர வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை. சிஸ்டைனில் படம் எடுக்க அனுமதி இல்லை.

நடைராசா
மியூசியம் முடிஞ்ச கையோட பேராலய வரிசையில் நிக்க வைக்காதீங்க. பக்கத்து பிராட்டி பகுதியில சாப்பிட்டு, ரூமுக்குப் போய்ப் படுத்து எழுந்து, மாலை 5-க்கு வாங்க. பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, வரிசையும் அப்போ சுருங்கியிருக்கும்.

கல்தச்சன்
5 மணிக்கு வந்தால் குவிமாடம் போச்சு, அது பேராலயத்துக்கு முன்பே மூடிவிடும். முழுதும் ஏறினால் 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் மேல்தளத்திலிருந்து 320 படி மிச்சம், அதில் கடைசிப் பகுதி குவிமாடத்தின் இரண்டு ஓடுகளுக்கு இடையே சாய்ந்த சந்து. பெரியவர்கள் மேல்தளம்வரை போய்த் திரும்பலாம். அதற்காகவாவது 3 மணிக்கு வாருங்கள்.

நடைராசா
3.30. அதுக்கு மேல இறங்கி வரமாட்டேன்.

பூவரசு
தங்குமிடம். டெர்மினி பக்கத்தில் ஏ, பி இரண்டு மெட்ரோவும் சேரும், வாடகை குறைவு, இரவில் சில தெருக்கள் அவ்வளவு சுத்தமில்லை. மோன்ட்டி என்றால் கொலோசியத்துக்கு நடக்கலாம், காவூர் மெட்ரோ இருக்கிறது, ஆனால் மேடு பள்ளம். பிராட்டி சமதளம், வாடிகனுக்குப் பக்கம். ட்ராஸ்டெவரேயில் மெட்ரோ கிடையாது. எங்கே எடுத்தாலும் "லிஃப்ட் எந்தத் தளத்திலிருந்து" என்று எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் அரை மாடி ஏறிய பிறகுதான் லிஃப்ட் தொடங்கும். நகர வரி அறை வாடகையில் சேராது. மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு இரவுக்கு 6 யூரோ: மூன்று பேர், நான்கு இரவு, 72 யூரோ.

விமான நிலையத்திலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ஆளுக்கு 14, மூவருக்கு 42. 32 நிமிடத்தில் டெர்மினி. டாக்ஸி 55 யூரோ நிலையான கட்டணம். ஆனால் அது ஆரேலியன் மதில் என்ற பழைய நகர மதிலுக்கு உட்பட்ட பகுதிக்கு மட்டும். பிராட்டி அந்த மதிலுக்கு வெளியே, அங்கே போவதானால் ஏறும் முன்னே கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை வண்டி, கதவில் நகர முத்திரை. உள்ளே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுபவர் பின்னால் போக வேண்டாம்.

ஊர்க்குருவி
மூவருக்கும் நன்றி. மாற்றியது: மோன்ட்டியில் லிஃப்ட் உள்ள இடம். ஞாயிறு காலை பாலடைன், ஃபோரம், 12.30 கொலோசியம். திங்கள் 8 மணி வாடிகன், 3.30-க்குப் பேராலயம். செவ்வாய் காலை போர்கேசே, பிறகு சும்மா நடை. புதன் காலை பாந்தியன், நவோனா சதுக்கம். அப்பா அம்மா சைவம், அதற்கு என்ன செய்வது?

நடைராசா
செவ்வாய் போர்கேசேயிலிருந்து பூங்கா வழியா பின்ச்சோ மேடைக்கு வந்து போபோலோ சதுக்கத்துக்கு இறங்குங்க. சாந்தா மரியா தெல் போபோலோவில் கராவாஜ்ஜோ ரெண்டு இருக்கு. தேவாலயங்கள் பலதும் மதியம் 12.30-லிருந்து 3, 4 மணி வரை மூடியிருக்கும், முதல்ல சாப்பிட்டுடுங்க. ஸ்பானிஷ் படிக்கட்டில் உக்காந்துடாதீங்க, 2019-லிருந்து அபராதம்.

சாப்பாடு: கார்பொனாரா, அமாத்ரிசியானா, கிரீச்சா மூணு பாஸ்தாவிலும் பன்றிக் கன்ன இறைச்சி. சுப்லீ பார்க்க வெறும் சோற்று உருண்டை மாதிரி இருக்கும், உள்ளே கறிக்குழம்பு இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க. பீட்சா மரினாராவில் தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், சீஸே இல்லை. வெட்டித் தர்ற பீட்சா எடைக்கு விலை. கையால அளவு காட்டினா போதும்.

கல்தச்சன்
சீஸும் மிளகும் போட்ட காச்சோ எ பெப்பே பாஸ்தாவைச் சைவம் என்று பலர் சொல்வார்கள். அதில் போடும் பெக்கொரினோ ரோமானோ சீஸ், ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருளால் உறைய வைத்தது. கண்டிப்பானவர்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வந்தது, சீட்டை முன்பே எடுங்கள். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளைவரை உயரமும் அதேதான். அந்தத் துளைக்கு மூடி கிடையாது. புதன் மழை பெய்தால் உள்ளே நடுத்தரை நனைந்திருக்கும்; அப்பா அம்மாவை ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.