பழைய வெறுப்பு தலைமுறை தாண்டியும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கேள்வி: நேரில் பார்த்தே இராத ஒரு கூட்டத்தின் மேல் படித்தவர்களுக்குக்கூட அப்படி ஒரு வெறுப்பு. வரலாறா, வளர்ப்பா?

பதில் 1: இரண்டும்தான். 1348-50 கொள்ளைநோயின்போது கிணற்றில் நஞ்சு கலந்ததாகப் பழிபோட்டு யூதர்களைக் கொன்ற ஜெர்மன் ஊர்களில், 1920களிலும் யூத வெறுப்பு மற்ற ஊர்களைவிடத் தூக்கலாக இருந்தது என்று பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள், கிட்டத்தட்ட 600 வருஷம் கழித்து! ஆனால் வெளியூர் வணிகம் செழித்த ஊர்களில் அந்தத் தொடர்ச்சி பலவீனம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பதில் 2: சரி, ஆனால் வரலாறே இல்லாமலும் பாகுபாடு வரும். சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட சோதனையில், அற்பக் காரணம் சொல்லிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்ட சிறுவர்களே தங்கள் குழுவுக்குச் சாதகமாகப் பணத்தைப் பங்கு போட்டார்கள்.

கேட்டவர்: அப்போ, பழகினால் சரியாகிவிடுமா?

பதில் 1: சும்மா பழகினால் போதாது. சம அந்தஸ்தும் பொது இலக்கும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதிவிட்டார். முதலாளியும் வேலையாளும் தினமும்தான் முகம் பார்க்கிறார்கள், என்ன மாறியது?