செட்டிநாட்டு வீடுகளை இடிக்கத் தடை போடலாமா?

முகப்புத் தூண்:
எங்கள் தெருவில் இன்னொரு வீட்டை உடைக்கிறார்கள். பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் காரைக்குடி பழஞ்சாமான் கடைக்குப் போகும், அங்கிருந்து ஏதோ ஒரு ஓட்டலுக்கு. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் இவை. பழைய கட்டடங்களைக் காக்கும் தமிழ்நாட்டு மரபு ஆணையச் சட்டமும் 2012-லேயே நிறைவேறிவிட்டது. சொந்தக்காரரே கேட்டாலும் இடிக்க அனுமதி தரக்கூடாது.

பங்கு வீட்டுக்காரன்:
தடை போடுவது சுலபம் அண்ணே, ஓடு மாற்றுவது யார்? வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி மகனுக்கு ஓர் அறை என்று கட்டிய வீடு. அந்த அறைதான் இன்றைக்குப் பங்கு. நாலு தலைமுறை தாண்டினால் எத்தனை பங்காளிகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். கூரை ஒழுகுகிறது என்றால், "நான் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு மட்டும்தானே வருகிறேன்" என்பார்கள். கடைசியில் ஊரில் இருக்கிறவர் தலையில்தான் விடியும்.

ஐராவதிக்கரை:
இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, பணம் வந்த வழியையும் பேசுங்கள். 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் அவர்களுடைய வட்டிக்கடைகளுக்குப் போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மா நெல் வயலில் ஏறத்தாழ கால் பங்கு நகரத்தார் கையில். அந்தச் செல்வத்தின் அடையாளத்தைக் காக்க மக்கள் வரிப்பணமா?

பங்கு வீட்டுக்காரன்:
விவசாயிகள் நிலம் இழந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வட்டி வருமானத்தில் எழுந்தவை. அந்த நிலம் காசாகவே இல்லை. 1942-இல் ஜப்பான் படை வந்ததும் உயிர் பிழைத்து ஓடிவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. வரவு நின்ற பிறகுதான் தூணை விற்கிற நிலை வந்தது.

முகப்புத் தூண்:
ஐராவதிக்கரை, வீட்டில் இருப்பது முதலாளி பணம் மட்டும் இல்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைக் கண்ணாடிபோல் இழைத்த கொத்தனார், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை ஒவ்வொன்றாகக் கையால் வார்த்தவர், இவர்கள் உழைப்பும் சேர்ந்துதான் இடிகிறது. பங்கு வீட்டுக்காரரே, உங்களிடம் ஒரு கேள்வி. பழுதுபார்க்கக் கிடைக்காத பங்காளிகள், விற்கும்போது மட்டும் எப்படி ஒன்றாகக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

பங்கு வீட்டுக்காரன்:
விற்றால் ஆளுக்குக் கொஞ்சம் காசு வருகிறது, பழுது பார்த்தால் போகிறது. அவ்வளவுதான் காரணம். அரசு பழுதுச் செலவில் பாதியை ஏற்கட்டும், ஒரு பங்காளி செய்த செலவை மற்றவர் பங்கில் கழிக்க வழி செய்யட்டும். அப்புறம் தடையைக் கொண்டுவந்தால் எங்கள் வீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது.