ஞாயிறு திதியும் ரெட்டைவடச் சங்கிலியும்

அம்மா: ஞாயிற்றுக்கிழமை பாட்டி திதி. ஐயர் ஒன்பது மணிக்கு வருகிறார். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள். இலைக் கணக்கு வேண்டும்.

சித்தப்பா: நாங்கள் 4

கோவை அத்தை: நான் வருகிறேன். அப்புறம் ஒரு சந்தோஷச் செய்தி. பிரதிலிபி என்கிற கதை ஆப்பில் என் சிறுகதை போட்டிருக்கிறேன். க்ரைம். எல்லோரும் படித்துவிட்டுக் கருத்து சொல்ல வேண்டும்.

டெல்லி அண்ணா: 👏 யார் சாவது?

கோவை அத்தை: யாரும் சாகவில்லை. மாமியார் நகை காணாமல் போகிறது.

டெல்லி அண்ணா: ப்ச்

கோவை அத்தை: சிரிக்காதே. க்ரைம் எழுத்தாளர் ராஜேஷ்குமாரும் கோவைதான், நானும் கோவைதான்.

பெரியப்பா: படித்துவிட்டேன். சற்று விரிவாகச் சொல்கிறேன். துப்பறியும் கதையில் இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டது வாசகன் கண்ணிலும் பட வேண்டும். நீ அடகுக்கடை ரசீதைக் கடைசிப் பத்தியில் எங்கிருந்தோ எடுத்துப் போடுகிறாய். அதை இரண்டாம் பக்கத்திலேயே, பால் கணக்கு நோட்டுக்குள் ரேஷன் கார்டோடு செருகி வைத்திருக்க வேண்டும். மாமியார் அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவும் இடம் மட்டும் அசல். இன்னொன்று. 1968-ல் குமுதத்தில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வந்தபோது வக்கீல் கணேஷ் தனி ஆள். ஜூனியர் வசந்த் பிறகுதான் வந்தான், அப்புறம்தான் பேச்சு களைகட்டியது. உன் இன்ஸ்பெக்டர் பாவம், தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு கான்ஸ்டபிளைக் கொடு. (தொடரும்)

சித்தப்பா: தொடருமா 😳

நான்: பெரியப்பா, உங்களுக்கு எத்தனை இலை?

சித்தி: அண்ணி, சங்கிலியை எடுத்தது இளைய மருமகளா?

கோவை அத்தை: கற்பனைம்மா.

சித்தி: கற்பனையில் அதே ரெட்டைவடம். அதே அரிசிப் பானை. மருமகளுக்கு என்னைப் போலவே இடது கன்னத்தில் மச்சம்.

டெல்லி அண்ணா: இப்போது விறுவிறுப்பாக இருக்கிறது 🍿

அம்மா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு? உளுந்து எத்தனை படி ஊறவைக்க?

பெரியப்பா: (தொடர்ச்சி) இதைக் குடும்பக் கதையாக எழுதியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும். யார் எடுத்தது என்பது அங்கே பெரிதில்லை. தெரிந்தும் மாமியார் ஏன் வாயைத் திறக்கவில்லை, அதுதான் விஷயம். நம் அம்மாவும் கடைசிவரை சொல்லவில்லையே. மருமகள்களைத் திட்டினாளே தவிர, பெற்ற பிள்ளையை

பெரியப்பா: கை பட்டுப் பாதியில் போய்விட்டது

சித்தப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சித்தி: என்ன அழித்தீர்கள்? பக்கத்து அறையில்தானே இருக்கிறீர்கள், இங்கே வாருங்கள்.

டெல்லி அண்ணா: ராஜேஷ்குமார் கதைகளில் வரும் விவேக், ரூபலா யாரும் தேவைப்படவில்லை

கோவை அத்தை: ஐயையோ. எனக்கு நிஜமாகவே தெரியாது. மச்சத்தை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன்.

பெரியப்பா: மச்சம் இருக்கட்டும், ரசீதை இரண்டாம் பக்கத்துக்கு மாற்று. எங்களுக்கு 2 இலை.

அம்மா: உளுந்து?

சித்தப்பா: நாங்கள் ஒருவேளை 3. நாளை சொல்கிறேன்.