உச்சி வெயிலில் ட்ரிப் ஆகும் மாடி சோலார்: பார்த்தவர்கள் எழுதலாம்

கேள்வி
3 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (ஈபி லைனோடு இணைந்த) சோலார். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. 11 மணிக்கு மேல், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் ‘ஏசி ஓவர் வோல்டேஜ்’ என்று காட்டி நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் தானே வருகிறது, மறுபடி நிற்கிறது. பேனலில் கோளாறு என்கிறார்கள். இதே தொல்லையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சோலார் நிறுவுநர், ஈரோடு
பேனல் மேல பழி போடாதீங்க சார். 230 வோல்ட்டில் 110 சதவீதம், அதாவது 253 தாண்டினால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலகியாகணும். அதுதான் விதி. எங்கே வோல்டேஜ் ஏறுதுன்னு பிடிக்கணும்.

நல்ல வெயிலில், ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் மல்டிமீட்டர் வைங்க: இன்வெர்ட்டரின் ஏசி டெர்மினல், கீழே ஈபி மீட்டர். மீட்டரில் 248, மாடியில் 254 என்றால் அந்த 6 வோல்ட், இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ளும்போது உங்க வீட்டு வயரிலேயே ஏறியது. கணக்குப் போட்டால் தெரியும். 3 கிலோவாட்டுக்குச் சுமார் 12 ஆம்பியர். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி 30 மீட்டர் ஓடினால், போக வர 60 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 0.48 ஓம் பக்கம். 12-ஆல் பெருக்குங்க, கிட்டத்தட்ட 6 வோல்ட். அதையே 6 ஸ்கொயராக மாத்தினால் 2.5-க்குள் அடங்கிடும். வேலை எடுக்கிறவங்க மிச்சம் பிடிக்கிறது பெரும்பாலும் இந்த வயரில்தான்.

வயர் மாத்தும் முன் நியூட்ரல் ஜாயின்ட்டைப் பாருங்க. அலுமினிய சர்வீஸ் வயரையும் செம்பையும் சும்மா முறுக்கி டேப் சுத்தியிருந்தால் கருகிப்போயிருக்கும். ரெண்டு உலோகத்தையும் சேர்க்கிற பைமெட்டல் லக் போட்டு இறுக்கணும்.

ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்
மேலே சொன்னது சரி. மீட்டரிலேயே 251, 252 காட்டினால் விஷயம் வேறு. நம் விநியோக டிரான்ஸ்ஃபார்மர்கள் 11 கேவி / 433 வோல்ட். 433 என்றால் ஃபேஸுக்கு 250. சுமை இல்லாத மதிய நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீட்டுக்கு 253-க்குக் கீழே 3 வோல்ட்தான் மிச்சம். அதே ஃபேஸில் இன்னும் நாலு வீடு சோலார் போட்டால் அதுவும் போய்விடும்.

டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜை மாற்றும் ‘டேப்’ என்ற இணைப்பை ஒரு படி இறக்கினால் 2.5 சதவீதம், சுமார் 6 வோல்ட் குறையும். ஆனால் சப்ளையை நிறுத்தித்தான் அதை மாற்ற முடியும். இறக்கியபின் ராத்திரி 8 மணிக்குக் கடைசிக் கம்பத்து வீட்டில் வோல்டேஜ் போதாமல் ஏர்கண்டிஷனர் இழுக்காது. அவர்கள் புகார் கொடுப்பார்கள். அதனால் முதலில் ஃபேஸ் வாரியாக எத்தனை சோலார் என்று பார்த்துப் பிரிக்கச் சொல்லி மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) எழுதிக் கொடுங்கள். மதிய வோல்டேஜை அரை மணிக்கு ஒருமுறை குறித்து, அந்தத் தாளையும் இணையுங்கள். வெறும் வாய்ப் புகாருக்கு யாரும் ஏணி எடுத்து வரமாட்டார்கள்.

வாசகர், திருச்சி
எங்கள் பக்கம் செட்டிங்கில் 253-ஐ 270 ஆக்கிவிடுகிறார்கள். ட்ரிப்பே ஆவதில்லையே?

ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்
ட்ரிப் ஆகாதுதான் தம்பி. ஆனால் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் போர்டு போகும். அதற்குப் பதில் இன்வெர்ட்டரில் ‘வோல்ட்-வாட்’ என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பை நெருங்கும்போது உற்பத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும், அடியோடு நிற்காது. அதையும் நிறுவுநர் மூலமே போடுங்கள். ரியாக்டிவ் பவரால் வோல்டேஜை இறக்கும் வசதியும் உண்டு. வீடுகளுக்கு வரும் நம் எல்டி (குறைந்த அழுத்த) லைனில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதனால் அதற்குப் பலன் குறைவு.

ஹைப்ரிட், பேட்டரி வேலை செய்பவர், தஞ்சாவூர்
கரண்ட் போனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் நிற்பது லைன்மேன் உயிருக்காக. 2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் சாய்ந்த ஊர்ப்பக்கம் இது. அப்படிப்பட்ட நேரத்தில் ஜெனரேட்டரை பிளக் பாயிண்ட் வழியாக வீட்டுக்குள் கொடுத்தால், மெயின் ஆஃப் ஆகாத பட்சத்தில் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, மேலே 11,000 வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும். நடுவில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரிக்கிற டூ-போல் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் சோலாரில் பேக்கப் நியூட்ரலையும் ஈபி நியூட்ரலையும் ஒரே பஸ்பாரில் (இணைப்புப் பட்டையில்) கட்டிவிடுவது அடிக்கடி பார்க்கும் தப்பு.

நெட்வொர்க் பாதுகாப்பு, சென்னை
அந்த 253-ஐ 270 ஆக்கத் தேவைப்படுவது நிறுவுநர் பாஸ்வேர்டு மட்டுமே. பல இடங்களில், இன்வெர்ட்டர் விவரங்களை இணையத்துக்கு அனுப்பும் டேட்டா லாகரின் வைஃபை பாஸ்வேர்டு இன்னும் 12345678. ஒரு வீடு என்றால் சின்ன விஷயம். ஒரே கம்பெனி சர்வரில் தொங்கும் லட்சக்கணக்கான இன்வெர்ட்டர்களை யாரோ ஒரே நொடியில் நிறுத்தினால் மின்கட்டமைப்பின் ஃப்ரீக்வென்சி ஆட்டம் காணும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லாகர், செயலி, நிறுவுநர் மெனு மூன்றிலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். லாகரை கெஸ்ட் வைஃபையில் போடுங்கள். இன்வெர்ட்டருக்கு நேரடியாகக் கட்டளை போகும் மோட்பஸ் 502 போர்ட்டை ரூட்டரில் வெளியே திறக்காதீர்கள். வேலை முடித்துப் போன நிறுவுநரின் கணக்கை ‘பார்க்க மட்டும்’ என்று இறக்குங்கள். ஃபர்ம்வேர் புதுப்பித்தபின் நாட்டுக் குறியீடு ‘இந்தியா’ என்றே இருக்கிறதா, மேல் வரம்பு 253-தானா என்று திரையில் பாருங்கள். சில மாடல்களில் அது மாறிப்போயிருக்கும்.