மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க இயலுமா?

கேள்வி:
வணக்கம். நீலகிரியில் குறும்பர் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் பாறை உச்சியிலிருந்து கொடியேணியில் இறங்கித் தேன் எடுப்பதைக் காணொளியில் கண்டு மனம் பதறியது. உயிரைப் பணயம் வைக்கும் இவ்வேலைக்கு மாற்றாக, அதே தேனீக்களைப் பெட்டியில் வளர்க்க இம்மக்களுக்குக் கற்றுக்கொடுக்க இயலாதா?

மறுமொழி 1:
இயலாது. மலைத்தேனீ பாறை விளிம்பிலோ உயர்ந்த மரக்கிளையிலோ திறந்தவெளியில் ஒரே ஒரு பெரிய அடையைத்தான் கட்டும். பூக்கும் பருவம் முடிந்ததும் அடையை விட்டு இடம்பெயர்ந்துவிடும். பெட்டிக்கு இசைவது மரப்பொந்தின் இருட்டில் பல அடைகளை அடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீயே. அதுவும் இடரற்றதன்று: 1990களின் தொடக்கத்தில் பரவிய, தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய், தென்னிந்தியாவில் அடுக்குத்தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

மறுமொழி 2:
தங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த ஏணியில் இறங்குபவர் தனி ஆள் அல்லர் என்பதையும் கருத வேண்டும். காட்டுக்கொடியில் பின்னிய ஏணியை உச்சியில் மரத்தோடு கட்டிவிட்டு, அதற்குக் காவலாக மைத்துனரை நிறுத்துவது குறும்பர்களின் வழக்கம். தன் உடன்பிறந்தாளின் கணவரை அவர் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையே அதன் அடிப்படை. (தேன் எடுக்க ஏறும் ஏணிக்குச் சங்க இலக்கியத்தில் 'மால்பு' என்று தனிச்சொல்லே உண்டு, அவ்வளவு பழைய தொழில் இது.) பச்சிலையைச் சுற்றிய பந்தத்தின் புகையால் தேனீக்களை விலக்கி, நீண்ட மூங்கிலால் அடையை அறுத்துக் கலத்தில் இறக்குவார்கள். பெட்டி வளர்ப்பு இவர்களுக்குத் துணை வருவாயாகலாம். இந்த அறிவுக்கு ஈடாகாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அடையை அறுத்தால் அக்கூட்டம் அழிந்துவிடாதா?

மறுமொழி 2:
முழு அடையையும் அறுத்தால் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் அழியும். தேன், அடையின் மேற்பகுதியில் தடித்துத் திரண்டிருக்கும். புழு அறைகள் அதற்குக் கீழே இருக்கும். தேன்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புழுப்பகுதியை விட்டுவைத்தால், பூக்கள் இருக்கும்வரை அக்கூட்டம் மீண்டும் தேன் சேர்க்க வாய்ப்புண்டு. 1993இல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியில் இயங்கிவரும் கீஸ்டோன் அறக்கட்டளை, இப்பகுதித் தேன் சேகரிப்போருடன் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. வியட்நாமின் உ மின் காடுகளில், சாய்வாக நட்ட மரச்சட்டத்திற்கு மலைத்தேனீக்களே வந்து அடை கட்டுகின்றன. தங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் முறை அதுதான். செங்குத்துப் பாறையை நாடி வரும் கூட்டங்களுக்கு அது பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

மறுமொழி 3:
வருவாயைப் பற்றியும் பேச வேண்டும். தேனீக்கள் இன்னும் மெழுகால் மூடி அடைக்காத அறைகளின் தேனில் நீர் மிகுந்திருப்பதால் அது விரைவில் புளிக்கும். நம் உணவுத்தர விதிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதத்தை ஏற்பதில்லை. எனவே முற்றிய அடையை மட்டும் எடுத்து, கையால் பிழியாமல் துணியில் தானாக வடியவிட்டால் புழுச்சாறு கலக்காது, விலையும் குறையாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருள்களில் சேர்த்து, அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழும் பழங்குடியினருக்கு உரிமையுண்டு என்கிறது. பாதுகாப்பான கயிறும், எடுத்த தேனுக்கு உரிய விலையும், இந்த உரிமைக்கான ஆவணமும் அவர்கள் கைக்குச் சேர உதவுவதையே பெட்டிகளுக்கு முன் கேட்டிருப்பேன்.