உதவி: லட்டாக்கியா, பெரிக் சேர்த்த பைப் புகையிலைக் கலவை தலை சுத்துது, பழ ருசியே வரல

செந்தில்_ஹூஸ்டன்:
வணக்கம். அவசரமா எழுதுறேன். சனிக்கிழமை மாமா வர்றார், அவருக்காகக் கலந்தது இது. பைப் புகையிலை முதல் தடவையா நானே கலந்தேன். அடி இலையா வர்ஜினியா, ருசிக்கு லட்டாக்கியா (கட்டைப் புகையில பதப்படுத்தின கறுப்பு இலை) கொஞ்சம், பெரிக் (பீப்பாயில அழுத்திப் புளிக்க வெச்ச இலை) கொஞ்சம். நான் வழக்கமா வாங்குற டப்பாவுலயும் இதே மூணும்தான்னு போட்டிருக்கு. அதுல முதல்ல உலர்ந்த பிளம்ஸ் மாதிரி ஒரு இனிப்பு வரும், பின்னாடி மெல்ல சாம்பிராணி வாசனை. என்னோடதுல பழம் கிடையாது. கருகின கட்டை மாதிரி ஒரே புகை. தொண்டை காந்துது, பைப் கிண்ணம் பாதி முடியறதுக்குள்ளயே தலை சுத்தி வேர்த்துடுச்சு. லட்டாக்கியாவைக் குறைக்கணுமா, பெரிக்கைக் கூட்டணுமா? அதை மட்டும் சொல்லுங்க.

நாகை_ராஜா:
கொஞ்சம்னா எவ்வளவு? கிராம் கணக்கு சொல்லுங்க தம்பி. வர்ஜினியா மஞ்சளா சிவப்பா? கலந்து எத்தனை நாள் ஆச்சு? எந்த பைப்?

மழைத்துளி:
ஈரம்தான் காரணம், எனக்குச் சந்தேகமே இல்ல. வர்ஜினியாவுல சர்க்கரை அதிகம். ஈரமா நிரப்பினா உள்ள ஆவி கிளம்பும், அதுதான் நாக்கையும் தொண்டையையும் சுடும். ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க. உருண்டையா ஒட்டிக்கிச்சுன்னா ஈரம், நொறுங்கினா காய்ஞ்சது. அழுத்தி விட்டதும் மெதுவா விரியணும், அதுதான் பதம். தட்டுல பரப்பி ஒரு மணி நேரம் காய விட்டுட்டு மறுபடி குடிச்சுப் பாருங்க.

பழைய_பிரையர்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாச்சு, தேடிப் படிக்கலாம். அடிப்படையைச் சொல்கிறேன். வர்ஜினியா, பர்லி இரண்டும் அடி இலைகள், அதாவது சோறு. லட்டாக்கியா, பெரிக், ஓரியண்டல் (துருக்கி, கிரேக்கப் பக்கத்துச் சிறிய வாசனை இலை) எல்லாம் தாளிப்பு இலைகள். பெருங்காயத்தைக் கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டு ரசம் ஏன் கசக்கிறது என்று கேட்பவருக்கு என்ன சொல்வது? பெரிக் 5 சதவீதத்தில் தொடங்க வேண்டும், 10ஐத் தாண்ட அனுபவம் வேண்டும். எடை போடத் தெரியாதவர்கள் கலக்கும் வேலையில் இறங்கக் கூடாது.

செந்தில்_ஹூஸ்டன்:
எடை போடல சார், டீ கப்ல அளந்தேன். லட்டாக்கியா அரை கப், பெரிக் ரெண்டு சிட்டிகை. பைப் பிரையர் கட்டையில செஞ்சதுதான். நேத்து ராத்திரி கலந்தது.

பேட்டன்ரூஜ்_ஆனந்தி:
கப்ல அளந்தா கணக்கு நிக்காதுங்க. லட்டாக்கியா காய்ஞ்ச நாரா பொசபொசன்னு இருக்கும், பெரிக் எண்ணெய்ப் பசையோட கனமா இருக்கும். ஒரே கப் அளவுல எடை ரொம்ப மாறும்.

லூசியானாவுல நான் இருக்கிற ஊருக்குக் கீழே, மிசிசிப்பி ஆத்துக் கரையில செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ்னு ஒரு மாவட்டம். பெரிக் அங்கதான் பிறப்பு. காய்ஞ்ச இலையை லேசா நனைச்சு, நடு நரம்பை உருவி, சுருட்டி விஸ்கி பீப்பாயில அடுக்குவாங்க. மேல திருகு ஜாக்கி வெச்சு இறுக்குவாங்க. இலை தன்னோட சாறுலயே காத்துப் படாம மூழ்கிக் கிடக்கும். இடையில மூணு தடவை வெளிய எடுத்து உதறி, காத்து காட்டி, திரும்ப இறுக்குவாங்க. ஒரு வருஷம் ஆகும். நம்ம ஊர்ல நார்த்தங்காயைக் கல்லு வெச்சு அழுத்தி ஊற வைக்கிற மாதிரியே. அதனாலதான் பெரிக்கைத் தனியா மோந்தா புளிச்ச காடி வாசனை வரும். வர்ஜினியாவோட சேர்ந்து ஜாடியில கொஞ்ச நாள் கிடந்தாதான் அந்தக் காடி பிளம்ஸா மாறித் தெரியும். ராத்திரி கலந்து காலையில குடிச்சா பழம் வராது. ரெண்டு வாரமாவது மூடி வைங்க.

மழைத்துளி:
ஆறப்போடுறது சரி அக்கா, ஆனா தொண்டை காந்தலுக்கு ஈரம்தான்னு இன்னமும் நம்புறேன்.

நாகை_ராஜா:
பைப்பையும் சொல்லிடறேன். அதுல முன்னாடி செர்ரி, வனிலா மாதிரி சென்ட் போட்ட புகையிலை குடிச்சீங்களா? பிரையர் கட்டை பழைய வாசனையைப் பிடிச்சு வெச்சுக்கும். லட்டாக்கியா ஏறின பைப்புல அப்புறம் எதைப் போட்டாலும் லட்டாக்கியாதான் பேசும். புதுக் கலவையைச் சோளக்கட்டை பைப்புல சோதிங்க. விலை கம்மி, ஒரு கலவைக்கு ஒண்ணுன்னு ஒதுக்கிடலாம்.

கோண்டாவிலான்:
புகை வாசம் எண்டு கதைக்கேக்க எனக்கு எங்கட அப்பப்பாவின்ர குடில் ஞாபகம் வருது. யாழ்ப்பாணத்தில சுருட்டுப் புகையிலையைக் குடிலுக்குள்ள தூக்கிக் கட்டி, கீழ பொச்சுமட்டையைப் புகைய விடுவினம். நெருப்பு எழும்பக் கூடாது, புகை மட்டும்தான். கதவைத் திறந்தால் கண் எரியும். இலை கறுத்துப் பளபளக்கும், தொட்டால் விரலில பசை ஒட்டும். இதுக்கும் இந்த லட்டாக்கியாவுக்கும் என்ன வித்தியாசம்? எங்கட இலையையே பைப்பில போட்டுப் பாக்கலாமே.

பழைய_பிரையர்:
இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு. லட்டாக்கியா சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயர். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸ் தீவின் இலை. வெயிலில் உலர்த்திய சிறிய ஓரியண்டல் வகை இலையை மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, மாஸ்டிக் புதர், மிர்ட்டில், பைன், சைப்ரஸ் மரம் போன்ற வாசனைக் கட்டைகளின் புகையில் வாரக்கணக்கில் பதப்படுத்துகிறார்கள். சாம்பிராணி மணம் அந்தக் கட்டைகளிலிருந்து வருவது. தேங்காய் மட்டையில் அது வருமா?

கோண்டாவிலான்:
வராது, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் புகையில பதப்படுத்துற அறிவு எங்களிட்டையும் இருந்தது எண்டதைத்தான் சொல்ல வந்தனான். எங்கட புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிப் போனது. அதைச் செய்த சனத்தின்ர கையை ஒரு வசனத்தில தள்ளிவிடாதேங்கோ அண்ணை.

பழைய_பிரையர்:
யாரையும் தள்ளவில்லை. இலை வேறு, கட்டை வேறு, எனவே ருசி வேறு. கேள்வி ருசியைப் பற்றியது.

மருதம்:
ரெண்டு பேரும் சொன்னதுல செந்திலோட பதில் ஒளிஞ்சிருக்குன்னு தோணுது. யாழ்ப்பாணத்து இலை பெரிசு, தடிப்பு, காரம். அதுக்கு உறவு சொல்லணும்னா லட்டாக்கியா கிடையாது, அமெரிக்காவோட கென்டக்கிதான். மேற்குக் கென்டக்கி, டென்னசி பக்கம் கொட்டகைக்குள்ள ஓக், ஹிக்கரி கட்டையை மரத்தூள் போட்டு மூடிக் கனல விட்டு, அந்தப் புகையில பெரிய இலையைப் பதப்படுத்துவாங்க. அதுலயும் விறகு வாசனைதான், ஆனா நிகோடின் கனமா இருக்கும்.

லட்டாக்கியா அப்படி இல்ல. பார்க்கத்தான் கரிக்கறுப்பு, காரம் கம்மி. பாதிக்குப் பாதி லட்டாக்கியா போட்ட கலவையைக் குடிச்சவங்க நமக்குள்ளயே நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்குத் தலை சுத்தறதில்ல. ரெண்டு சிட்டிகை பெரிக்கோட புகையை மூக்கு வழியா விட்டா மிளகு மாதிரி உறைக்கும். அரைக் கிண்ணத்துல ஆளை வேர்க்க வைக்குமா? எனக்கு நம்பிக்கை இல்ல. ஈரம் தொண்டையைக் காந்த வைக்கும், வேர்க்க வைக்காது. செந்தில், அதுல நீங்க சொல்லாத இலை ஏதோ இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதுங்க.

செந்தில்_ஹூஸ்டன்:
வர்ஜினியா ரெண்டு கப், கென்டக்கி ஒரு கப், மீதி மேலே சொன்னது. கென்டக்கின்னா பர்லி வகைதானே, அடி இலைன்னு நினைச்சு எழுதல. பாக்கெட்ல டார்க் ஃபயர்டுன்னு இருக்கு.

நாகை_ராஜா:
அதுதான்! கால் பங்குக்கும் கூடுதலா டார்க் ஃபயர்டு, அதாவது விறகுப் புகையில பதப்படுத்தின இலை. அதுக்கு மேல லட்டாக்கியா. ரெண்டு புகை ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா பெரிக் பாவம் எங்க தெரியும்?

மருதம்:
ஆமா. கென்டக்கியும் இங்க தாளிப்பு இலைதான். வெள்ளை பர்லி காத்துல உலர்ந்தது, வறுத்த நிலக்கடலை மாதிரி ஒரு வாசனை, மேல போடற எந்த ருசியையும் வாங்கிக்கும். அடி இலையா அது நிக்கும். டார்க் ஃபயர்டை அந்த இடத்துல வெச்சா அது கலவையை ஆள ஆரம்பிச்சுடும்.

உங்க கேள்விக்கு இப்ப பதில் சொல்றேன்: ரெண்டையும் தொடாதீங்க, முதல்ல கென்டக்கியை எடுங்க. நகைக்கடைத் தராசு மாதிரி சின்னது ஒண்ணு வாங்குங்க, 0.1 கிராம் காட்டணும். 20 கிராம்ல 1 கிராம்னா 5 சதவீதம், கணக்கு சுலபம். வெறும் வர்ஜினியாவை மட்டும் ரெண்டு நாள் குடிச்சு, அதுல என்ன குறையுதுன்னு கவனிங்க. இனிப்பு இருக்கு, ஆழம் இல்லன்னா பெரிக் 1 கிராம். இனிப்பு கூர்மையா குத்துதுன்னா லட்டாக்கியா 3, 4 கிராம், அது நிதானமா எரிஞ்சு கூர்மையை அடக்கும். நடுவுல வெறுமையா இருந்தா ஓரியண்டல். இஸ்மிர், பாஸ்மா மாதிரி சின்ன இலை, லேசான புளிப்பு, மூலிகை வாசனை. வர்ஜினியாவையும் லட்டாக்கியாவையும் சேர்த்துப் பிடிக்கிறது அதுதான். மூணு ஜாடி போடுங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு மாற்றம். மூடி மேல தேதியும் எடையும் எழுதுங்க. அடி இலைக்கு என்ன தேவையோ அதுக்குத்தான் தாளிப்பு. டப்பால இருக்கற பேரைப் பார்த்துச் சேர்த்தா இப்படித்தான் ஆகும்.

தலை சுத்தினா உடனே பைப்பைக் கீழ வைங்க, இனிப்பா ஏதாவது குடிங்க. வெறும் வயித்துல மறுபடி தொடாதீங்க.

பேட்டன்ரூஜ்_ஆனந்தி:
மருதம் சொன்னதோட ஒண்ணு. பெரிக்கைப் பொடியா நறுக்கிக் கலங்க. நீளமா கிடந்தா ஒரு இழுப்புல ஒண்ணுமே இருக்காது, அடுத்த இழுப்புல மிளகு.

கோண்டாவிலான்:
மருதம், எங்கட இலை கென்டக்கிக்கு உறவு எண்டு சொன்னது சரியாத்தான் படுது. அப்பப்பாவும் புதுச் சுருட்டை வெறும் வயித்தில பத்த விடமாட்டார், சோறு திண்டிட்டு வா எண்டுவார். ஊரில இருந்து கொஞ்சம் எடுப்பிச்சு 20 கிராமுக்கு 1 கிராம் எண்டு போட்டுப் பாக்கப் போறன்.

பழைய_பிரையர்:
அப்படிச் செய்தால் அளவையும் முடிவையும் இங்கே எழுதுங்கள். கோடா போட்ட இலையா, போடாததா என்பதையும் குறிப்பிடுங்கள். இனிப்பு ஏற்றிய இலை என்றால் கணக்கு மாறும். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

செந்தில்_ஹூஸ்டன்:
எல்லாருக்கும் நன்றி. மாமாவுக்குக் கடை டப்பாவே கொடுத்தேன். மூணு ஜாடி போட்டிருக்கேன், கென்டக்கி இல்லாம.

செந்தில்_ஹூஸ்டன் (17 நாள் கழித்து):
2-ம் ஜாடில பிளம்ஸ் வந்துடுச்சு. தலை சுத்தல.

மழைத்துளி:
2-ம் ஜாடில எது எவ்வளவு கிராம்? நிரப்பும்போது ஈரம் எப்படி இருந்துச்சு?

பேட்டன்ரூஜ்_ஆனந்தி:
செந்தில், அளவு எழுதிட்டுப் போங்க. பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்.